பொதுக் களஞ்சியமும் பூட்டிய கதவும்

2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசில் ஒரு பாதி, புதுப்புரதங்களைக் கணிப்பொறியால் வடித்த தேவிட்டு பேக்கருக்கும், மறுபாதி, புரத வடிவத்தை முன்கணிக்கும் ஆல்பாபோல்டை ஆக்கிய கூகுள் தீப்மைண்டின் தெமிசு அசாபிசு, சான் சம்பர் இருவர்க்கும் வழங்கப்பெற்றன. தகுதியுடையோர் பெற்ற பரிசே அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவ்வறுவடைக்கு உழுதவர் யாவர், விதைத்தவர் யாவர் என்று கேட்க வேண்டாவா?

புரதம் என்பது அமினோக்காடிகளைக் கண்ணி கண்ணியாய்க் கோத்த நெடுந்தொடர். அது மடிந்து சுருண்டு தனக்குரிய வடிவம் பெற்ற பின்னரே அரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும். உண்ட சோற்றைச் செரிக்கும். எவ்வாறு மடிகிறது என்பதே ஐம்பதாண்டுக் கமுக்கமாய் இருந்தது.

அக்கமுக்கத்தின் முதற்கதவுகளுள் ஒன்றைத் திறந்தது சென்னை. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரன், இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகிய மூவரும், கண்ணிதோறும் நடுக்கரியணுவின் இருமருங்கிலும் உள்ள இணைப்புகள் எவ்வெக் கோணங்களில் சுழலக்கூடும், எவற்றில் அணுவும் அணுவும் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டனர். ஒரு படத்தில் அடங்கிற்று அக்கணக்கு. இன்று உலகில் எவர் புரத வடிவம் கண்டாலும், அது சரியா பிழையா என்று அந்தப் படத்தில் இட்டுப் பார்க்கின்றனர். அதற்கு எவரும் உரிமைக் கட்டணம் கேட்கவில்லை. இராமச்சந்திரன் 2001இல் மறைந்தார். நோபெல் பரிசு அவரை எட்டவில்லை.

1971இல் ஏழே வடிவங்களுடன் அமெரிக்காவில் தொடங்கிய புரதத் தரவகம், எவரும் விலையின்றி எடுத்தாளும் பொதுக் களஞ்சியம். ஆல்பாபோல்டு பயின்றது ஏறத்தாழ 1,70,000 வடிவங்களைக் கொண்டே. அவற்றுள் பெரும்பாலானவற்றின் பின்னும் படிகம் வளர்த்தும் ஊடுகதிர் பாய்ச்சியும் இரவைப் பகலாக்கிய ஓர் இளம் ஆய்வாளர் இருப்பார். முனைவர்ப் பட்டம் பெற்றும் நிலையான பணியின்றி, ஈராண்டு மூவாண்டு ஒப்பந்தத்தில் உழைப்பவர் அவருட் பலர். (இவரைப் பின்முனைவர் என்னலாம், ஆங்கிலச் சொல்லைச் சுமக்க வேண்டுவதில்லை.) இயற்கையில் எங்கும் காணாத மடிப்பைக் கொண்ட 93 அமினோக்காடிப் புரதத்தை 2003இல் வெளியிட்ட கட்டுரையின் முதலாசிரியர் பிரையன் குல்மனும், பேக்கரின் ஆய்வகத்தில் பின்முனைவராய் இருந்தவரே. பரிசுச் செய்தியில் இத்தகையோர் பெயர் எத்தனைக் கண்டோம்?

2021இல் ஆல்பாபோல்டின் நிரலை அந்நிறுவனம் வெளியிட்டது. மறு ஆண்டு இருபது கோடிக்கும் மேற்பட்ட முன்கணிப்பு வடிவங்களையும் விலையின்றி வழங்கிற்று. பாராட்டத்தக்க செயல். ஆனால் 2024 மே திங்களில் வெளிவந்த மூன்றாம் ஆல்பாபோல்டு நிரலின்றியே வந்தது! நாளொன்றுக்கு இத்தனைக் கணிப்புகள் மட்டுமே என்ற அளவும் இடப்பெற்றது. மருந்து வாணிகத்தில் இறங்கிய உடன்பிறப்பு நிறுவனம் ஒன்று கூகுளுக்கு உண்டு என்பதை அறிந்தோர்க்கு இதன் கரணியம் புரியாமற் போகாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர் கையொப்பமிட்டுக் கண்டித்தனர். நவம்பரில் நிரல் வந்தது. ஆயினும் வாணிகத்திற்கு உதவாது என்ற கட்டுடனும், பயிற்சியில் விளைந்த அளபுருக்களை விண்ணப்பித்தே பெறவேண்டும் என்ற நெறியுடனும் வந்தது.

பொதுக் களஞ்சியத்தில் அள்ளியவர் தம் கதவைப் பூட்டுவது எந்த முறை? அந்தக் களஞ்சியத்தில் இன்றும் புதுவடிவங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. சேர்க்கும் பின்முனைவர்க்கோ, வரும் ஆண்டு ஒப்பந்தம் நீளுமா என்பதே தெரியாது.