கேள்வி கேட்கும் பிள்ளையை அடக்காதீர்கள்!

"வானம் ஏன் நீலமாக இருக்கிறது?"

"சுற்றும்போது நிற்கிற பம்பரம், சுற்று நின்றதும் ஏன் விழுகிறது?"

"பல்லி சுவரில் எப்படி நடக்கிறது?"

பேசத் தெரிந்த நாள் முதல் குழந்தைகள் இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பல வீடுகளில் அவர்களுக்குக் கிடைக்கிற பதில் ஒன்றே ஒன்றுதான்.

"தொணதொணக்காதே! போய்ப் படி!"

இப்படிச் சொல்லுகிற பெற்றோர் பொல்லாதவர்கள் அல்ல. அம்மாவுக்கு அடுப்பில் உலை கொதிக்கிறது. அப்பா வேலை முடிந்து களைத்து வந்திருக்கிறார். இன்னொரு காரணமும் உண்டு. அவர்களுக்குப் பதில் தெரியாது! தெரியாது என்று பிள்ளையிடம் சொல்லக் கூச்சம். ஆகவே ஓர் அதட்டல் போட்டு வாயை மூடிவிடுகிறார்கள்.

பத்து முறை அதட்டு வாங்கிய குழந்தை பதினோராவது முறை கேட்பதில்லை. வீடு அமைதியாகிவிடுகிறது. ஆனால் அந்த அமைதிக்காக நாம் கொடுக்கும் விலை கொஞ்ச நஞ்சமல்ல.

கடலைப் பார்த்த ராமன்

"கடல் ஏன் நீலமாக இருக்கிறது?" இதுவும் குழந்தைக் கேள்விதான். "வானம் நீலம். அது தண்ணீரில் தெரிகிறது" என்று சொல்லி முடித்துவிடுவோம். பெரிய விஞ்ஞானிகள்கூட ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.

1921-ம் ஆண்டு. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய் வந்தார். அப்போது அவருக்கு வயது 32. மத்தியதரைக் கடலின் நீலம் அவரைத் திகைக்க வைத்தது. சொல்லி வைத்த பதில் அவருக்குப் போதவில்லை. கையில் இருந்த சிறிய படிகத்தின் வழியே, நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் வான ஒளியை மறைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார்.

நீலம் மறையவில்லை!

கடல் நீரே ஒளியைச் சிதற வைக்கிறது என்று அவர் கண்டார். தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் நீல நிறத்துக்குப் பெரிய காரணம் என்பது இன்று நன்றாகத் தெரியும். ராமன் அந்தக் கேள்வியை விடவில்லை. ஒளி சிதறுவதை ஆராய்ந்துகொண்டே போனார். 1928 பிப்ரவரி 28-ல் "ராமன் விளைவு" கண்டுபிடிக்கப்பட்டது. 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பிப்ரவரி 28-ஐத்தான் நாடு முழுவதும் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

குழந்தைக் கேள்வி எங்கே கொண்டுபோய் விட்டது, பார்த்தீர்களா?

"ராமன் மேதை, படித்த குடும்பத்துப் பிள்ளை. நம் வீட்டில் அதெல்லாம் நடக்குமா?" என்று சிலர் கேட்கலாம். அவர்கள் இன்னொருவரின் கதையைக் கேட்க வேண்டும்.

பத்திரிகை போட்ட பையன்

மைக்கேல் பாரடே 1791-ல் லண்டனுக்கு அருகில் பிறந்தார். தகப்பனார் கொல்லர், நோயாளியும்கூட. வீட்டில் பஞ்சம். ஒரு சமயம் பையனுக்கு ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டிதான் கிடைத்ததாம். படிக்க, எழுத, கணக்குப் போடத் தெரிந்ததும் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது.

பையன் ஒரு புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். முதலில் வீடு வீடாகப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பிறகு 14 வயதில் அங்கேயே பைண்டிங் வேலைக்கு அமர்ந்தான். ஏழு ஆண்டு வேலை பழக வேண்டும் என்பது ஒப்பந்தம்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை அவன் தைத்தான். தைத்ததோடு விடாமல் படிக்கவும் செய்தான்! கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரை அகப்பட்டது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய ரசாயனப் புத்தகமும் அகப்பட்டது. ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்வதுபோல் எழுதிய எளிய புத்தகம் அது.

படித்ததைச் செய்து பார்க்க ஆசை. பழைய பாட்டிலையும் மரத்துண்டுகளையும் வைத்து மின்பொறி உண்டாக்கும் கருவி ஒன்றைச் செய்தான். விளையாட்டுச் சாமான் போன்றதுதான். ஆனால் அவனே செய்தது!

விஞ்ஞானச் சொற்பொழிவு கேட்க ஆசை. ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். கையில் காசு இல்லை. கொல்லுப் பட்டறையில் உழைத்த அண்ணன் அந்த ஷில்லிங்கைக் கொடுத்தார். பிறகு 1812-ல், கடைக்கு வந்த ஒருவர், புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். பாரடே குறிப்பு எடுத்து, அழகாக பைண்டிங் செய்து, அதை டேவிக்கே அனுப்பினார். மறு ஆண்டு டேவியின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது.

1831-ல், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று பாரடே கண்டுபிடித்தார். இன்று மேட்டூரில் தண்ணீர் விழுந்து சக்கரம் சுழல, மின்சாரம் பிறப்பது அதே தத்துவத்தில்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பையனுக்கு ஒரு புத்தகம், ஒரு விளையாட்டுச் சாமான், ஒரு சொற்பொழிவு — இந்த மூன்றும் கிடைத்தன. உதவியவர்கள் யார்? படிக்க விட்ட கடைக்காரர். ஷில்லிங் கொடுத்த அண்ணன். டிக்கெட் கொடுத்த வாடிக்கையாளர். மூவரில் ஒருவர்கூட விஞ்ஞானி இல்லை! பையனின் கேள்விகளுக்கு அவர்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் தடுக்கவில்லை. தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

அதை நம் வீட்டிலும் செய்யலாமே!

புத்தகம்

தமிழில் விஞ்ஞானம் படிக்க முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. பெ. நா. அப்புசாமி ஒரு வக்கீல். 1891-ல் பிறந்து 1986 வரை வாழ்ந்த அவர், ஆயுளின் பெரும்பகுதியை எளிய தமிழில் விஞ்ஞானம் எழுதுவதிலேயே செலவிட்டார். பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு தமிழ்க் கலைக்களஞ்சியம் 10 தொகுதிகளாக வந்தது. குழந்தைகளுக்கென்றே தனியாக இன்னொரு கலைக்களஞ்சியமும் 10 தொகுதிகளாக வந்தது. "துளிர்" என்ற சிறுவர் அறிவியல் மாத இதழை 1987-ல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கியது.

விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு நூலகம் இருக்கிறது. இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு முதன்முதலாக நூலகச் சட்டம் வந்ததே சென்னை மாகாணத்தில்தான், 1948-ல். பிள்ளையை அங்கே அழைத்துப் போங்கள். உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.

அம்மாவுக்குச் சரளமாகப் படிக்க வராதா? அதனால் என்ன! பிள்ளையைப் படிக்கச் சொல்லி அம்மா கேட்கலாம். தானும் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். இரண்டு பேருக்கும் லாபம்!

விளையாட்டுச் சாமான்

ஆயிரக்கணக்கில் விலை போட்டு, "அறிவை வளர்க்கும்" என்று அட்டையில் எழுதி விற்கிறார்கள். வாங்கி வந்ததும், உடைந்துவிடும் என்று அலமாரியில் பூட்டி வைக்கிறோம். பூட்டிய பொம்மை யாருக்கு அறிவை வளர்க்கும்?

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்து உட்காருகிறதே, எப்படி? அதன் அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருக்கிறது. பொம்மையைச் சாய்த்தால் அந்தக் கனம் சற்று மேலே தூக்கப்படுகிறது. கனம் கீழே இறங்கப் பார்க்கிறது. அதனால் பொம்மை நிமிர்கிறது. வைக்கோலை மலைபோல் ஏற்றிய லாரி வளைவில் கவிழ்வது ஏன்? படகில் எழுந்து நிற்காதே என்று படகுக்காரர் சொல்வது ஏன்? பொம்மையின் ரகசியம் தெரிந்த பிள்ளைக்கு இவையும் புரிந்துவிடும்.

அரவிந்த் குப்தா கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த எஞ்சினீயர். வேண்டாத பொருள்களிலிருந்து விளையாட்டுச் சாமான் செய்வதைக் குழந்தைகளுக்குக் கற்றுக் கொடுப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டார். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவர் காட்டிய வழி ஒன்று: மருந்தை நீக்கிய தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைக்க வேண்டும். நான்கு குச்சிகளால் சதுரம் செய்து அழுத்தினால் அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து அழுத்தினால் அது அசையாது! பிறகு பிள்ளையை வெளியே அழைத்துப் போய் மின்சாரக் கோபுரத்தைக் காட்டுங்கள். "எத்தனை முக்கோணம் இருக்கிறது, எண்ணு" என்று சொல்லுங்கள். செலவு சில ரூபாய்தான்!

இன்னொன்று. எரிகிற மெழுகுவத்தியை அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைப் புகை எழும். அந்தப் புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். நெருப்பு புகை வழியாகத் தாவி இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும்! எரிவது மெழுகின் ஆவி என்பதற்கு இதுவே சாட்சி. இதைப் பெரியவர்தான் செய்து காட்ட வேண்டும். பிள்ளையின் கையில் தீப்பெட்டி வேண்டாம். பாரடே பெரிய விஞ்ஞானி ஆன பிறகு, லண்டனில் சிறுவர் சிறுமியருக்கு ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டே ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை 1861-ல் புத்தகமாகவும் வந்தன.

வெளியூர்ப் பயணம்

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்குப் பவுர்ணமி தோறும் பக்தர்கள் திரளாகப் போகிறார்கள். வக்கிரகாளியம்மனைத் தரிசித்துவிட்டுத் திரும்புகிறார்கள். பக்கத்திலேயே கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்கள் அவை! நிலத்தடி நீரில் கரைந்து வந்த மணற்சத்து மரத்துக்குள் புகுந்து, மெல்ல மெல்ல மரத்தைக் கல்லாக்கிவிட்டது. தொட்டால் கல். பார்த்தால் மரம். அடுத்த முறை போகும்போது பிள்ளைகளுக்கு அதையும் காட்டுங்கள். ஆனால் ஒரு துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது.

சென்னைக்கு வருகிறவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1851-ல் தொடங்கியது அது. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. திருச்சியிலும் கோளரங்கம் உண்டு. ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வுக்கூடம் இருக்கிறது. 1986-ல் அங்கே நிறுவிய தொலைநோக்கியின் கண்ணாடி ஏழரை அடிக்கு மேல் அகலம்! பார்வை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

பஸ்ஸுக்குக் காசு இல்லையா? மொட்டை மாடியோ வாசலோ போதும். பவுர்ணமி அன்று நிலா உதிக்கும் நேரத்தைப் பிள்ளையைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மறுநாளும் குறிக்கட்டும். சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும். சில நாள் இன்னும் குறைவாகவும் இருக்கும். "ஏன்?" என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும்!

பெண் குழந்தைக்கும் சேர்த்துத்தான்!

தம்பி கேட்டால் "கெட்டிக்காரன்" என்கிறோம். தங்கை கேட்டால் "வாயாடி" என்கிறோம். இது நியாயமா?

கேரளத்தில் 1918-ல் பிறந்த அன்னா மணிக்கு எட்டாவது பிறந்த நாள் வந்தது. குடும்ப வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தார்கள். அந்தச் சிறுமி தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள் என்பார்கள். பிற்காலத்தில் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். பெங்களூரில் ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழி வகுத்தார். தோடா, புத்தகமா என்ற இடத்தில் வீட்டார் விட்டுக் கொடுத்ததன் பலன் அது.

"இதெல்லாம் பரீட்சைக்கு வருமா? மார்க்கு கிடைக்குமா?" என்று கேட்பவர்களும் உண்டு. பரீட்சை மற்றவர் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதச் சொல்கிறது. அது வேண்டியதுதான். ஆனால் தானே கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளை, நாளைக்கு யார் எதைச் சொன்னாலும் நம்பும். செல்போனில் வருகிற புரளியையும் நம்பும். போலி மருந்து விற்பவனையும் நம்பும். ஏமாறாமல் இருக்கவும் கேள்வி வேண்டும்!

எல்லாப் பிள்ளைகளும் ராமன் ஆகிவிடமாட்டார்கள். ஆக வேண்டியதும் இல்லை. எஞ்சின் ஏன் சூடாகிறது என்று யோசிக்கிற டிரைவர், பயிரில் எந்தப் பூச்சி எப்போது வருகிறது என்று குறித்து வைக்கிற விவசாயி, குழந்தைக்கு ஏன் கொதித்து ஆறிய தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று தெரிந்த தாய் — இவர்கள் பெருகினாலே நாடு முன்னேறும்.

அதற்குப் பெற்றோர் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டாம். பணமும் அதிகம் வேண்டாம். குழந்தை அடுத்த முறை "ஏன்?" என்று கேட்கும்போது, கூச்சப்படாமல் இதைச் சொன்னால் போதும்:

"எனக்கும் தெரியாது கண்ணு. வா, இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்!"