நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

மேற்கு சைபீரியாவில் குர்கான் என்றொரு ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், கால் முறிந்து எலும்பு கூடாமல் ஊன்றுகோலோடு வீடு திரும்பியவர்களுக்கு அந்தப் பக்கத்தில் பஞ்சமே இல்லை. 1944-இல் மருத்துவம் முடித்ததும் அங்கே கிராமத்து டாக்டராக அனுப்பப்பட்டவர் கவ்ரீல் இலிசரோவ். 1950-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய கருவி, பார்வைக்குச் சைக்கிள் சக்கரத்தைப் பிரித்துக் காலில் மாட்டியது போல இருந்தது. காலைச் சுற்றி உலோக வளையங்கள், அவற்றிலிருந்து எலும்பைத் துளைத்துப் போகும் மெல்லிய கம்பிகள், வளையங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் திருகுகள். முறிந்த எலும்பின் இரு முனைகளையும் அழுத்திச் சேர்ப்பதுதான் அவருடைய முதல் நோக்கம்.

நோயாளி ஒருவர் திருகை இறுக்குவதற்குப் பதிலாக மறுபக்கம் திருகிவிட்டார், விலகிய இடைவெளியில் புது எலும்பு முளைத்துவிட்டது என்று ஒரு கதை எலும்பு மருத்துவர்களிடையே உலவுகிறது. நடந்ததோ, மெருகேறியதோ தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு நாய்களின் கால்களில் ஆண்டுக்கணக்கில் நடந்த சோதனை கதையல்ல. நாளுக்கு அரை மில்லிமீட்டர் விலக்கினால், நீள்வதற்கு முன்பே எலும்பு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மில்லிமீட்டர் விலக்கினால் எலும்பும் சரியாக வளர்வதில்லை, சுற்றியுள்ள சதையும் நரம்பும் தாங்குவதில்லை. ஒரு மில்லிமீட்டர், அதையும் கால் கால் மில்லிமீட்டராக நான்கு முறை விலக்கினால் உடம்பு ஒத்துழைக்கிறது. இலிசரோவ் 1992-இல் மறைந்தார். கருவி எத்தனையோ உருமாறிவிட்டது. இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. உயரம் கூட்டிக்கொள்ளும் அழகு அறுவை சிகிச்சையைப் பற்றிய எந்தப் பேச்சும் இங்கிருந்து தொடங்குவதே நியாயம்.

இலிசரோவுக்கு முன்னால் பொறுமை இல்லாத ஒரு காலம் இருந்தது. இத்தாலியின் பொலோன்யா நகரில் அலெசாண்ட்ரோ கொடிவில்லா 1905-இல் தம் முறையை வெளியிட்டார். தொடை எலும்பை வெட்டி, குதிகால் எலும்பில் ஆணி அடித்து, மயக்கம் கொடுத்து, ஒரே இழுப்பாகப் பலம் கொண்டு இழுப்பது. 3 முதல் 8 செ.மீ. வரை நீளம் கிடைத்தது. கூடவே வலிப்பும் வந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. அவரைத் தேடி வந்தவர்கள் யாரும் அழகுக்காக வரவில்லை. ஒரு கால் குட்டையாகி, இடுப்பு சாய்ந்து, நடையே கோணலாகிப் போனவர்கள். அவர்களுக்கு அந்த ஆபத்தை ஏற்க ஒரு காரணம் இருந்தது.

குர்கானின் புகழ் பரவியதும் அப்படிப்பட்டவர்களால்தான். 1963-இல் 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் என்று உச்சத்தில் இருந்த சோவியத் உயரம் தாண்டுதல் வீரர் வலேரி புருமெல், அடுத்த ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலைக் கிட்டத்தட்ட இழந்தார். அறுவை மேல் அறுவை. எலும்பு சேரவில்லை, கால் குட்டையானது. 1968-இல் இலிசரோவிடம் போனார். பழைய சாதனை திரும்பவில்லை, ஆனால் மீண்டும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். இத்தாலிய மலையேறி கார்லோ மௌரியின் கதையும் இதே வகைதான். பனிச்சறுக்கில் முறிந்த கால் அவருக்கு ஆண்டுக்கணக்கில் ஆறவில்லை. கடற்பயணி தோர் ஹேயர்தாலின் பாப்பிரஸ் படகுப் பயணத்தில் கூட வந்த சோவியத் மருத்துவர் யூரி செங்கேவிச் சொல்லி 1980-இல் குர்கான் போனார், நடந்து திரும்பினார். மறு ஆண்டே இலிசரோவ் இத்தாலிக்கு அழைக்கப்பட்டார். மேற்கு ஐரோப்பா இந்த வித்தையைக் கற்றது அப்படித்தான். போலியோவில் சூம்பிய கால், பிறவியிலேயே வளைந்த கால், சீழ் பிடித்து அரித்த எலும்பு என்று நம் நாட்டிலும் எத்தனையோ பேர் இந்த வளையங்களோடு மருத்துவமனை வராந்தாவில் நடந்து பழகித் தேறியிருக்கிறார்கள். இந்த மருத்துவத்தின் பெருமையைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது.

சிக்கல், இதே திருகை ஆரோக்கியமான இரண்டு கால்களில் திருப்பும்போது வருகிறது. குட்டையான காலோடு வருகிறவர் நொண்டி நடப்பதிலிருந்து தொடங்குகிறார். கொஞ்சம் குறையோடு தேறினாலும் அவருக்கு லாபமே. ஓடவும் குனியவும் படியேறவும் முடிகிற ஒருவர் அறுவை அரங்குக்குள் போனால், அவருடைய தொடக்கப் புள்ளியே நூற்றுக்கு நூறு. நல்லபடியாக முடிந்தால் சில சென்டிமீட்டர் கூடும். முடியாவிட்டால் போவது ஏற்கெனவே கையில் இருந்தது.

எலும்பு வளரும் என்பதை இலிசரோவ் நிரூபித்தார். ஆனால் காலில் எலும்பு மட்டுமா இருக்கிறது? தசையும் தசைநாணும் நரம்பும் எலும்பைப் போல இடைவெளியை நிரப்பி முளைப்பவை அல்ல. இழுபட்டு, மெல்ல மெல்ல ஒத்துப்போக வேண்டியவை. முழங்காலுக்குக் கீழே நீட்டினால் குதிகால் தசைநாண் இறுகி, பாதம் தரையில் படியாமல் நுனிக்காலில் நிற்கும் நிலை வரலாம். தொடையில் நீட்டினால் முழங்கால் மடங்க மறுக்கும். நரம்பு அதிகம் இழுபட்டால் பாதம் தொங்கிப்போகும். பொதுவாகத் தொடையில் 8 செ.மீ., முழங்காலுக்குக் கீழே 5 செ.மீ. என்ற அளவில் அனுபவசாலிகள் கோடு போடுவதற்கு எலும்பு காரணமல்ல, சதைதான். எலும்பே கூடாமல் போவது, கோணலாகக் கூடுவது, கம்பி நுழைந்த இடத்தில் சீழ் வைப்பது, ரத்தக்கட்டு என்று பட்டியல் நீளும். நீளும் உலோகத் தண்டை, அதாவது ராடை, உள்ளே வைப்பதற்காகத் தொடை எலும்பின் உள்குழியைக் குடையும்போது மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைப்பது அரிது. நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டு தொடைகளையும் ஒரே நாளில் குடைவது அந்த ஆபத்தைக் கூட்டும்.

முழங்காலின் கடைசி மடிப்பைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நாற்காலியிலேயே வாழ்ந்துவிடுகிறவருக்கு அந்த மடிப்பு குறைந்தால் பெரிதாகத் தெரியாது. பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்கிறவருக்கும், குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கும் அது அன்றாடப் பிழைப்பு.

காலக் கணக்கும் பார்க்கலாம். 8 செ.மீ. என்றால் நீட்டுவதற்கே 80 நாள். நீண்ட எலும்பு கெட்டிப்பட, சென்டிமீட்டருக்கு ஒரு மாதமாவது ஆகும். பிசியோதெரபி இதற்குள் தினசரிக் கடமை. அதில் சுணங்கினால் மேலே சொன்ன இறுக்கம் வந்து குந்திக்கொள்ளும். ஆக, நல்லபடியாக நடந்தாலே ஏறத்தாழ ஒரு வருடம். அதன்பின் உள்ளே வைத்த ராடை எடுக்க இன்னோர் அறுவை.

இவ்வளவையும் மீறி இந்தச் சிகிச்சை ஒரு சந்தையானதற்குக் காரணம் அந்த ராடுதான். வளையங்களோடு ஒருவர் தெருவில் நடந்தால் ஊரே பார்க்கும். எலும்புக்குள்ளேயே ஒளிந்திருந்து நீளும் ராடு வந்த பிறகு பார்ப்பதற்கு எதுவுமில்லை. 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரிசைஸ் என்ற ராடுக்குள் சிறு காந்தம் இருக்கிறது. தோலுக்கு வெளியே ஒரு கருவியை வைத்து இயக்கினால் ராடு நீள்கிறது. கம்பி இல்லை, சீழ் குறைவு, தழும்பு சிறிது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் நீட்டும் காலத்தில் முழு எடையையும் அதன்மேல் போட முடியாது. அந்தக் குறையையும் போக்க அதே தயாரிப்பாளர்கள் 2018-இல் துருப்பிடிக்காத எஃகில் ஸ்ட்ரைடு என்ற ராடைக் கொண்டுவந்தார்கள். சீக்கிரமே நடக்கலாம் என்பதால் அழகுச் சிகிச்சை தேடியவர்கள் அதை விரும்பினார்கள். ராடின் இரு பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடத்தை ஒட்டி எலும்பில் மாற்றங்களும் உலோக அரிப்பும் தெரியவே, 2021-இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஏற்கெனவே காலுக்குள் போய்விட்டதை அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெற முடியுமா?

உயரத்தின்மீது மனிதர்களுக்கு இருக்கும் மோகம் பழையது. பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரெடெரிக் வில்லியம் (1713–1740) நெட்டையானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு படை வைத்திருந்தார். பணம் கொடுத்தும் பிடித்துக்கொண்டு வந்தும் ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆள் சேர்த்தார். போருக்கு அனுப்ப மனசு வராமல் அணிவகுப்பில் பார்த்து ரசித்தார் என்பார்கள். அவர் இறந்ததும் மகன் அந்தப் படையைக் கலைத்துவிட்டார். படைகள் ஆட்களை அளந்து எழுதி வைத்ததில் ஒரு நன்மையும் விளைந்தது. 1829-இல் பிரெஞ்சு மருத்துவர் வில்லெர்மே அப்படிப்பட்ட அளவுகளைப் பார்த்து, வறுமையில் வளர்ந்தவர்கள் குட்டையாக இருக்கிறார்கள் என்று எழுதினார். உயரம் என்பது சிறுவயதில் தின்ற சோற்றின், பட்ட நோயின் பதிவேடு என்பதை அதற்குப் பிறகு வந்த பொருளாதார வரலாற்றாசிரியர்கள் விரிவாக நிறுவினார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் டச்சுப் படைக்கு வந்த இளைஞர்களின் சராசரி ஏறத்தாழ 165 செ.மீ. இன்று உலகின் மிக உயரமான ஆண்கள் டச்சுக்காரர்கள்தான், 182 செ.மீ.க்கு மேல். 1896-இல் பிறந்த கொரியப் பெண்களையும் 1996-இல் பிறந்த தென்கொரியப் பெண்களையும் ஒப்பிட்டால் 20 செ.மீ. வித்தியாசம். கத்தி படாமல், நூறு ஆண்டில், ஒரு நாட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கிடைத்த 20 செ.மீ. எந்த அறுவை நிபுணரும் கனவில்கூட வாக்களிக்க முடியாத அளவு அது. நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தக் குழந்தை வளர்ந்து, போலீஸ் தேர்வில் 170 செ.மீ. கோட்டுக்குக் கீழே நின்று, வரன் பார்க்கும் இடத்தில் உயரம் கேட்டுத் தட்டிக்கழிக்கப்பட்டு, கடைசியில் தன் கால்மீதே கோபம் கொண்டால் குற்றம் யாருடையது?

இந்தக் கோபத்தைக் காசாக்கும் கூட்டம் முதலில் பெரிதாகத் தலையெடுத்தது சீனாவில். வேலை விளம்பரங்களிலேயே குறைந்தபட்ச உயரம் போட்ட காலம் அது. பயிற்சி இல்லாதவர்கள் கையில் கால்கள் கெட்டு, புகார்கள் குவிந்தன. 2006-இல் சீன சுகாதார அமைச்சகம் அழகுக்கான கால் நீட்டலைத் தடை செய்தது. நோய்க்கான சிகிச்சை என்றால் மட்டும், தகுதியுள்ள மருத்துவமனையில் மட்டும். நம் பக்கத்தில், 2016-இல் ஹைதராபாத்தில் மென்பொருள் துறை இளைஞர் ஒருவர் வீட்டுக்குத் தெரியாமல் இந்த அறுவையைச் செய்துகொண்டார். மகனைக் காணோம் என்று பெற்றோர் போலீஸுக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாநில மருத்துவக் கவுன்சில் விசாரித்து, மருத்துவர்மீது நடவடிக்கை எடுத்தது. வயது வந்தவர் தம் உடம்பைத் தாமே தீர்மானிக்கலாம், சரி. ஆனால் மாதக்கணக்கில் இன்னொருவர் தூக்கிவிட்டு, கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டிய சிகிச்சையை வீட்டாரிடம் மறைத்துச் செய்துகொள்ள விடுவது என்ன மருத்துவம் என்று எனக்குப் புரியவில்லை.

தடை ஓரிடத்தில் வந்தால் சந்தை வேறிடத்துக்குப் போகிறது. இன்று இஸ்தான்புல்லுக்கு விமானம் ஏறுகிறவர்கள் உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். அறுவை சில மணி நேரம்தான். நீட்டலும் கெட்டிப்படுதலும் மாதக்கணக்கில் ஊருக்குத் திரும்பிய பிறகும் தொடரலாம். மூன்றாம் மாதம் முழங்கால் மடங்கவில்லை என்று உள்ளூர் எலும்பு மருத்துவரிடம் போனால், அவர் முன்னால் இருப்பது யாரோ வைத்த ராடு, யாரோ போட்ட கணக்கு, ஒப்பந்தத்தில் அவர் பெயரே இல்லாத பொறுப்பு. எடுத்துவிடலாம் என்று அவர் முடிவு செய்தாலும் முதலில் அது எந்த நிறுவனத்து ராடு என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு ராடையும் வெளியே எடுக்க அதற்கென்று தனிக் கருவி உண்டு. அது அவருடைய மருத்துவமனையில் இருக்க வாய்ப்பு குறைவு.