சைக்கிள் நின்னுபோச்சா? அடுத்த பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க

மீன் தொட்டியில் மீன் செத்தால் நம்ம ஊர்ல ரெடியா ஒரு பதில் இருக்கு: "வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சு." ஆறுதலுக்கு நல்ல பதில்தான். ஆனா அதனாலேயே ஏன் செத்துச்சுன்னு யாரும் கேட்கறதில்ல. அடுத்த வாரம் இன்னும் நாலு கோல்ட்ஃபிஷ், அதே தொட்டி, அதே கதை.

புதுத் தொட்டியில் முதல் மாசம் மீன் சாகறதுக்குப் பெரும்பாலும் காரணம் திருஷ்டி இல்ல, அம்மோனியாவும் நைட்ரைட்டும். மீனோட கழிவுல வர்ற அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும். ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினை ஆக்சிஜன் தூக்க முடியாத மெத்ஹீமோகுளோபினா மாத்திடும், ரத்தமே சாக்லேட் நிறத்துக்குப் போயிடும். மனுஷங்களுக்கும் இது வரும், வார்டுல பார்த்திருக்கோம். இன்னொரு கூட்டம் பாக்டீரியா வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தினாத்தான் மீனுக்கு நிம்மதி. இந்த ரெண்டு கூட்டமும் ஃபில்டர் ஸ்பாஞ்சுல குடியேற ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும்.

அதுவரைக்கும் மீனைப் பலி கொடுக்காம, காலித் தொட்டியில் அம்மோனியாவை நாமே கலந்து பாக்டீரியாவை வளர்க்கறதுக்குப் பேர்தான் ஃபிஷ்லெஸ் சைக்கிள். இதைச் செய்யறவங்க மேல எனக்குத் தனி மரியாதை உண்டு. வெறும் தண்ணியை ஆறு வாரம் ஹால்ல வச்சுக்கிட்டு, வர்ற சொந்தக்காரங்க கேலியை எல்லாம் தாங்கணுமே!

அவங்க மாட்டிக்கற இடம் மூணாவது, நாலாவது வாரம். முதல்ல அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், சந்தோஷமா இருக்கும். திடீர்னு எல்லாம் நின்னுடும். பத்து நாளா அதே ரீடிங். கடையில கேட்டா பாக்டீரியா பாட்டில் ஒண்ணு கொடுப்பாங்க. அசையலைன்னா இன்னொண்ணு. கடைசியில வெறுத்துப்போய் மீனை விட்டுடுவாங்க. இவ்வளவு பொறுமையா இருந்த மனுஷங்க தொட்டியிலும் மீன் சாகும். இதுதான் எனக்குத் தாங்கல.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். பாதி வழியில நின்னுபோன சைக்கிள்ல பெரும்பாலும் பாக்டீரியா பற்றாக்குறை கிடையாது. அதுங்க அங்கேயேதான் இருக்கு. வேலை செய்யத் தேவையான சரக்குதான் தண்ணியில தீர்ந்துபோயிருக்கு. அந்தச் சரக்குக்குப் பேர் கேஹெச், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற கார்பனேட், பைகார்பனேட்டோட அளவு.

அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும்போது அமிலம் உருவாகும். அந்த அமிலத்தைப் பைகார்பனேட் வாங்கிக்கும், பிஹெச் இறங்காது. நம்ம உடம்புலயும் இதே கணக்குதான். சர்க்கரை எக்கச்சக்கமா ஏறி கீட்டோஅசிடோசிஸ்ல வர்றவங்க ரிப்போர்ட் வந்ததும் எங்க கண்ணு பைகார்பனேட் எவ்வளவுன்னுதான் தேடும். தொட்டியில் அது தீர்ந்த உடனே பிஹெச் சரியும். 6.5-க்குக் கீழ போகும்போதே பாக்டீரியா சோர்ந்துபோகும், 6-கிட்ட வந்தா கிட்டத்தட்ட வேலைநிறுத்தம். அந்த நேரத்துல நீங்க ஊத்தற புது பாக்டீரியாவும் வந்து அதே ஸ்ட்ரைக்ல உட்கார்ந்துக்கும்.

எவ்வளவு செலவாகும்? 1 பிபிஎம் அம்மோனியாவுக்கு லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம் காரத்தன்மை போகும், கால்சியம் கார்பனேட் கணக்குல. கேஹெச் 1 டிகிரின்னா சுமார் 18 மில்லிகிராம். அப்ப ஒரு டிகிரி வெறும் 3 பிபிஎம் அம்மோனியாவுக்குத்தான் தாங்கும். நாம முதல் நாளே 4 பிபிஎம் போடறோம், அப்புறம் இறங்க இறங்க மறுபடியும் போடறோம்.

இப்ப நம்ம வீட்டுக் கதைக்கு வருவோம். ஆசையா தொட்டி வாங்கறவங்க எந்தத் தண்ணியை ஊத்தறாங்க? "மீனுக்கு நல்ல தண்ணி ஊத்தணும்"னு ஆர்ஓ தண்ணி, இல்லைன்னா கேன் தண்ணி. போர் தண்ணி உப்புத் தண்ணியாம், பக்கெட்டுல வெள்ளை படியுதாம், மீனுக்கு ஆகாதாம். ஆனா அந்த வெள்ளைப் படிவுல பெரும்பகுதி கார்பனேட்தான்! ஹீட்டர் காயிலைப் பாழாக்கற அதே சரக்குதான் இந்த பாக்டீரியாவுக்கு முதலீடு. ஆர்ஓ மெஷின் அதை வடிகட்டி சாக்கடைக்கு அனுப்பிட்டு, கேஹெச் ஒண்ணோ ரெண்டோ இருக்கற தண்ணியைக் கொடுக்குது. நமக்கு அது நல்ல தண்ணி. சைக்கிளுக்கு அது கால் டேங்க் பெட்ரோலோட திருச்சிக்குக் கிளம்பற மாதிரி.

எங்க ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருத்தங்க பையனுக்காக 30 லிட்டர் தொட்டி வச்சாங்க. முழுக்க ஆர்ஓ தண்ணி. 24-வது நாள் ரீடிங் அனுப்பினாங்க: அம்மோனியா எட்டு நாளா 4-லயே நிக்குது, நைட்ரைட் கடைசிக் கலர், ரெண்டு பாட்டில் காலி. பிஹெச் பார்த்தீங்களான்னு கேட்டேன். பார்க்கல. பார்த்தா கிட்டுல இருக்கற கடைசி மஞ்சள், 6 இல்ல அதுக்கும் கீழ. கேஹெச் டெஸ்ட்ல எத்தனை சொட்டுக்குக் கலர் மாறுதோ அத்தனை டிகிரி. அவங்களுக்கு முதல் சொட்டுலயே மாறிடுச்சு.

செஞ்சது ஒரே ஒரு வேலை. முக்கால்வாசித் தண்ணியை எடுத்துட்டு அவங்க அபார்ட்மென்ட் போர் தண்ணியை ஊத்தினாங்க. தண்ணி மாத்தினா பாக்டீரியா போயிடும்னு பயந்தாங்க. பாதிப் பேருக்கு இந்த பயம் இருக்கு. அது தண்ணியில மிதக்கற ஜந்து இல்ல, ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் ஒட்டிக்கிட்டு வாழறது. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில கசக்காத வரைக்கும் பயமில்ல. மறுநாள் பிஹெச் 7.6. அஞ்சாவது நாள் அம்மோனியா பூஜ்யம்.

போர் தண்ணி இல்லாதவங்களுக்கு ஆப்ப சோடா போதும். 30 லிட்டருக்கு 1 கிராம் கரைச்சு ஊத்தினா கேஹெச் சுமார் 1 டிகிரி ஏறும். 4, 5 டிகிரிக்குக் கொண்டு வாங்க. பேக்கிங் பவுடர் வேண்டாம், சலவை சோடா கூடவே கூடாது. இது மீன் இல்லாத தொட்டிக்கு மட்டும். அம்மோனியா இருக்கற தொட்டியில மீனும் இருந்து, பிஹெச்சைத் தடாலடியா ஏத்தினீங்கன்னா, அதுவரை அமோனியமா சாதுவா கிடந்தது அம்மோனியாவா மாறி மீனைக் கொன்னுடும்.

கார்ப்பரேஷன் தண்ணியா? குளோரின் இருக்கும். கடையில விக்கற ஆன்டி-குளோரின் ரெண்டு சொட்டு போட்டுத்தான் ஊத்தணும். முதல் ரெண்டு மூணு வாரம் எந்த அசைவும் இல்லாம, பிஹெச்சும் நல்லா இருந்தா, முதல் சந்தேகம் குளோரின்தான்.

நைட்ரைட்ல இன்னொரு ஏமாற்றம் இருக்கு. 1 பிபிஎம் அம்மோனியா மாறினா சுமார் 2.7 பிபிஎம் நைட்ரைட் வரும். 4 பிபிஎம் போட்டா கிட்டத்தட்ட 11. ஆனா நாம வாங்கற கிட் பலதும் 5 வரைக்கும்தான் காட்டும். 20-ல இருந்து 8-க்கு இறங்கியிருந்தாலும் டியூப்ல அதே ஊதா. சைக்கிள் ஓடிட்டுதான் இருக்கு, நம்ம அளவுகோல்தான் குட்டை. 5 மில்லி சிரிஞ்சுல அரை மில்லி தொட்டித் தண்ணி, நாலரை மில்லி ஆர்ஓ தண்ணி எடுத்துக் கலந்து டெஸ்ட் பண்ணி, வர்றதைப் பத்தால பெருக்குங்க. (ஆர்ஓ தண்ணிக்கு உருப்படியா ஒரு வேலை.) நைட்ரைட் உச்சத்துல இருக்கும்போது நைட்ரேட் கிட்டை நம்பாதீங்க, அது நைட்ரைட்டையும் சேர்த்து எண்ணிக் காட்டும். சிஸ்டர் வீட்டுத் தொட்டியில அம்மோனியா போன பிறகும் நைட்ரைட் இறங்க ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு.

ஏன் இவ்வளவு நேரம்? வயித்துப்போக்கு பண்ற இ.கோலை சாதகமான இடத்துல 20 நிமிஷத்துல ரெண்டாகும். இந்த பாக்டீரியா ரெண்டாக அரை நாள், ஒரு நாள், சில சமயம் அதுக்கும் மேல. எத்தனை பாட்டில் ஊத்தினாலும் அந்த வேகம் மாறாது. பாட்டில் எல்லாமே ஏமாத்துன்னும் நான் சொல்லல. ரொம்ப காலமா நைட்ரைட் வேலையைச் செய்யறது நைட்ரோபாக்டர்னு நம்பி அதையே பாட்டில்ல அடைச்சாங்க. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்யறது நைட்ரோஸ்பைரா வகைன்னு 1998-ல ஆய்வு வந்தது. இப்ப நல்ல தயாரிப்பும் இருக்கு, வெயில்ல காய்ஞ்ச வெறும் தண்ணியும் இருக்கு, வெளியில பார்த்தா தெரியாது. அந்தக் காசுக்கு நோயில்லாத பழைய தொட்டி வச்சிருக்கற நண்பர்கிட்ட ஸ்பாஞ்சுல ஒரு துண்டு கேளுங்க. அதுக்கு ஈடு எதுவும் இல்ல.

டாக்டரா ஒரு கோரிக்கை. நடுவுல தண்ணி பால் மாதிரி கலங்கும். அது வேற வகை பாக்டீரியா பெருகறது, தானா தெளியும். அதை "இன்ஃபெக்‌ஷன்"னு சொல்லி டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரிச்சுக் கொட்டாதீங்க. மீனே இல்லாத தொட்டிக்கு என்ன வைத்தியம்? நீங்க வளர்க்க நினைக்கற பாக்டீரியாவையும் அது விடாது, அந்தத் தண்ணி போற சாக்கடையில மருந்துக்கு அசராத கிருமி வளர இடம் கொடுக்கும். நீல மருந்தும் வேண்டாம். மெத்திலீன் ப்ளூ எங்களுக்கு மெத்ஹீமோகுளோபினுக்கு மாற்று மருந்து, ஃபில்டர் பாக்டீரியாவுக்கு எமன்.

முடிஞ்சுதான்னு தெரிய ஒரே சோதனை: 2 பிபிஎம் அம்மோனியா போடுங்க. 24 மணி நேரத்துல அம்மோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டுமே பூஜ்யம் காட்டணும். ஒண்ணு மட்டும் பூஜ்யம்னா இன்னும் இல்ல. ரெண்டும் வந்தா பெரிய அளவில் தண்ணி மாத்திட்டு மறுநாள் மீன் விடலாம்.

ரிப்ளைல ரீடிங் அனுப்பறவங்க தொட்டி போட்டோ மட்டும் அனுப்பாதீங்க. என்ன தண்ணி, எத்தனை லிட்டர், எத்தனையாவது நாள், பிஹெச், கேஹெச் இந்த அஞ்சும் வேணும். நைட் டியூட்டி முடிச்சுட்டுத்தான் பதில் போடுவேன். அதுவரைக்கும் எதையும் ஊத்தாதீங்க.