மரத்துக்கு ஒரு மீட்டர் மண்

பெங்களூரில் கோடை மழை கொட்டும் மாலைகளில், எங்கோ ஒரு மரம் காரின் மேல் சாய்ந்தது என்ற செய்தி வராமல் இருப்பதில்லை. மறுநாளே "இந்தப் பழைய மரங்களையெல்லாம் வெட்டித் தொலைத்தால் என்ன?" என்று பேச்சு எழும். வெட்டச் சொல்லுமுன் அன்பர்கள் தங்கள் தெரு மரத்தின் அடிப்பாகத்தை ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டுகிறேன். பல இடங்களில் நடைபாதைக் கல்லும் சிமெண்டும் தண்டை ஒட்டியே இறுகியிருக்கும்.

நான் ரயில்வேயில் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டேஷன் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் வேலையில் பம்புகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். எத்தனை உசத்தியான பம்பாயினும் சுமார் பத்து மீட்டருக்கு மேல் உறிஞ்சாது. கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே உள்ள பெங்களூரில் ஒன்பது மீட்டர் சொச்சம்தான், அதுவும் ஏட்டுக் கணக்கு! நம் தூங்குமூஞ்சி மரமோ இருபது மீட்டர் உச்சிக்குச் சத்தமில்லாமல் ஏற்றிவிடுகிறது. இலைகளில் நீர் ஆவியாகும்போது, ஒன்றையொன்று பற்றிக்கொண்ட நீர் மூலக்கூறுகள் நூல்போல் அறுபடாமல் மேலே இழுபடுகின்றன என்று 1894இல் டப்ளினில் டிக்ஸனும் ஜோலியும் விளக்கினார்கள். உயிருள்ள செல்கள் துடித்து ஏற்றுகின்றன என்று நம் ஜகதீஸ் சந்திர போஸ் 1923இல் ஒரு நூலே எழுதினார். விஞ்ஞான உலகம் டிக்ஸன் பக்கமே சாய்ந்தது.

ஆக, தண்ணீர் ஏற்றும் செலவு சூரியனுடையது. சத்துக்களின் கதை வேறு. மண்ணில் நைட்ரேட்டும் பொட்டாசியமும் மிக நீர்த்த கரைசலாகவே கிடக்கின்றன. அவற்றை உள்ளே இழுக்க வேர் உழைத்தாக வேண்டும். அந்த உழைப்புக்கு எரிபொருள், இலையில் தயாராகிக் கீழே இறங்கி வரும் சர்க்கரை. அதை எரிக்கப் பிராணவாயு வேண்டும், அது மண்ணின் இடுக்குகளில்தான் இருக்கிறது. மேலே சிமெண்டைப் பூசினால் மழைநீரோடு காற்றும் நின்றுபோகிறது. இளவேர்கள் செத்துவிடும். போதாக்குறைக்குக் கேபிள் பதிக்கக் குழி தோண்டுகிறவர்கள் தாங்குவேர்களையும் வெட்டிப் போகிறார்கள். பிறகு காற்றடித்தால் மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

சர்க்கரை இறங்கும் பாதை பட்டையின் உட்புறம். 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் மால்பீகி பட்டையை வளையமாக உரித்துப் பார்த்தார். வளையத்துக்கு மேற்புறம் வீங்கியது. நாம் சீரியல் விளக்குக்கும் விளம்பரப் பலகைக்கும் இறுகக் கட்டிவிட்டு மறந்துபோகிற கம்பியும் நாளடைவில் இதே வேலையைத்தான் செய்கிறது. மரம் பருக்கப் பருக்கக் கம்பி உள்ளே புதைகிறது, வேர் பட்டினி கிடக்கிறது.

தில்லி மரங்கள் தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில், தண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டது. இளவேர்கள் அதற்கு அப்பாலும் வெகுதூரம் பரவுவதால், என் கணக்கில் அதுவே குறைந்தபட்சம். மாநகராட்சியை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. "இலை விழுந்து குப்பையாகிறது" என்று காம்பவுண்டுக்குள் மண் தெரியாமல் டைல்ஸ் பதிக்கும் அடுக்குமாடிச் சங்கங்களில் நம்மவர்களும் உறுப்பினர்கள்தாமே! அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து, மரத்தடியில் ஒரு மீட்டர் மண்ணை விடச் சொல்லுங்கள். விழுந்த இலைகளை அங்கேயே பரப்பினால் குப்பை வண்டிக்கும் வேலை மிச்சம்.