வாய்க் கிருமிகளைப் பற்றிய பாடம்

கிருமி என்றாலே பகை என்று கற்பிக்கும் வழக்கம் சுகாதாரப் பாடங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. காலரா, காசநோய் முதலியவற்றைக் குறித்து மக்களை எச்சரிப்பதற்கு அது பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும், வாயினுள் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சிகளை நோக்குமிடத்து, இப்பாடம் பாதி உண்மையே என்பது விளங்கும்.

காண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் ஈஸ்ட், நலமாயுள்ளோர் பலரின் வாயில் யாதொரு தீங்கும் செய்யாமல் தங்கியிருக்கிறது. கைக்குழந்தையின் நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் துணுக்குகள் போன்ற வெண்படலம் படிவதும் இதனாலேயே. பொய்ப்பல் அணிந்தோரிடத்தும் நீரிழிவு நோயாளரிடத்தும் இது தோன்றுவதுண்டு. உருண்டை வடிவில் உள்ளவரை இந்த ஈஸ்ட் பெரும்பாலும் சாதுவே. நூலிழைபோல் நீளும்போதுதான் திசுக்களைத் துளைத்து உட்புகுகிறது.

இதனை அடக்கி வைப்பதில் உடலின் தற்காப்புச் சக்திக்கும் உமிழ்நீருக்கும் பங்குண்டு. அதே வாயில் வாழும் பாக்டீரியங்களுக்கும் பங்குண்டு என்பதைப் பாடநூல்கள் போதிய அளவு கூறுவதில்லை. அவற்றுட் சில லாக்டிக் அமிலத்தையும், வேறு சில ஹைட்ரஜன் பெராக்சைடையும் வெளிவிட்டு ஈஸ்டின் வளர்ச்சியைக் குறைக்கின்றன. ஈஸ்ட் நூலிழையாக மாறுவதைத் தடுக்கும் மியூட்டனோபாக்டின் என்ற பொருளைப் பற்றிய ஆராய்ச்சி 2010-இல் வெளியாயிற்று. அதனை உண்டாக்குவது எது? பற்சொத்தைக்கு முக்கிய காரணமெனப் பழிக்கப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸேதான்! எண்டரோகாக்கஸ் பீகாலிஸ் என்ற மற்றொரு பாக்டீரியம் தரும், 68 அமினோ அமிலங்களாலான சிறு புரதம் 2017-இல் விவரிக்கப்பட்டது. அது ஈஸ்டைக் கொல்லாமலேயே அதன் இழை வளர்ச்சியைத் தடுத்து, சுண்டெலிகளின் வாயில் நோயைத் தணித்தது.

இதனால் மியூட்டன்ஸை நண்பன் என்று கொண்டாடுவதும் தவறாகும். சர்க்கரை மிகுந்த உணவு இடையறாது கிடைக்குமாயின், அதுவும் ஈஸ்டும் கைகோத்துக்கொண்டு பற்களின்மீது தடித்த படலத்தை அமைத்து, சொத்தையைக் கடுமையாக்குகின்றன என்பது 2014-இல் எலிகளிடத்து நிறுவப்பட்டது. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று மாணவர்களைப் பட்டியல் எழுதச் செய்யும் ஆசிரியர், மியூட்டன்ஸை எந்தப் பக்கத்தில் எழுதச் சொல்வார்? சூழ்நிலையையும் சேர்த்துக் கற்பிப்பதே பொருத்தம். இத்தகைய ஆய்வுகளைக் காட்டி விற்கப்படும் மாத்திரைகளையும் வாய்கழுவு நீர்களையும் சற்று ஐயத்துடனேயே நோக்க வேண்டும். சோதனைக் குழாயிலும் எலியிடத்தும் கண்டது, மனிதருக்குரிய சிகிச்சை ஆகிவிடாது.

களப்பணியாளருக்கு இதில் உடனடியான பொருள் ஒன்றுண்டு. பெனிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியங்களை அழிக்கும், ஈஸ்டைத் தொடா. காவலர் நீங்கிய வாயில் ஈஸ்ட் பெருகுவது இயல்பே. வைரஸால் வரும் சாதாரணச் சளிக்கு இம்மருந்துகளைக் கொடுப்பதில் பயன் ஏதுமில்லை; இத்தொல்லை வேறு வந்து சேரலாம். மருத்துவரின் சீட்டின்றி இவற்றை வாங்கக்கூடாது என்பதை உணர்த்த, மருந்துறையிலுள்ள சிவப்புக் கோட்டைச் சுட்டி மத்திய அரசு 2016-இல் பிரசாரம் தொடங்கியது. கிராமங்களில் அக்கோட்டின் பொருளை விளக்கும் பணி இன்னும் மீதமிருக்கிறது.

வெண்படலம் கண்ட குழந்தைக்கு அண்மையில் ஆன்டிபயாடிக் தரப்பட்டதா என்று தாயிடம் விசாரித்து, விடையைக் குறித்தனுப்பினால் மருத்துவருக்கு உதவியாகும். துணியால் அழுத்தித் தேய்த்தால் இரத்தம் கசியும் என்பதையும் அப்போதே அவரிடம் சொல்லிவிடலாம்.