முட்டையின் மூச்சும் முட்டையின் பிரிவும்

1908-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் உள்ள கடல் உயிரியல் நிலையத்தில், ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானிய இளைஞர் கடல் முள்ளெலியின் முட்டைகள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்று அளந்தார். விந்தணு சேர்ந்ததும் அந்த அளவு சுமார் ஆறு மடங்கு உயர்ந்தது. அதுவரை சும்மா கிடந்த முட்டை, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இரண்டாகவும் பிறகு நான்காகவும் பிரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர், மூச்சு பெருகியதால்தான் முட்டை பிரிந்தது என்று எளிதில் சொல்லிவிடுவார். அது தவறு. அந்தத் தவறு எப்படி வெளிப்பட்டது என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதே எண்ணம் வேறு வடிவத்தில் இன்று புற்றுநோயாளிகளின் வீடுகளுக்குள் வந்து நிற்கிறது.

கடல் முள்ளெலியை ஏன் எடுத்தார்கள்? ஒரு பெண் விலங்கு லட்சக்கணக்கில் முட்டையிடும். கண்ணாடிக் குவளையிலேயே கருவுறச் செய்யலாம். எல்லா முட்டைகளும் ஒரே நேரத்தில் கருவுறுவதால் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிரியும். ஒரு செல்லில் நடப்பதை லட்சம் செல்களில் சேர்த்து அளக்க இதைவிட நல்ல வழி அன்று இல்லை.

மூச்சை நிறுத்தினால் பிரிவு நிற்கும் என்பது வார்பர்க்குக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆக்சிஜன் இல்லாத நீரிலும் சயனைடு கலந்த நீரிலும் முட்டை பிரிவதில்லை என்று ஜாக் லோப் என்ற உயிரியலாளர் காட்டியிருந்தார். 1910-இல் வார்பர்க் மறுபக்கத்தைச் சோதித்தார். மயக்கமூட்டும் தன்மையுள்ள பினைல் யூரித்தேனைச் சேர்த்ததும் பிரிவு நின்றது. மூச்சு பெரிதாகக் குறையவில்லை. ஆக, பிரிவுக்கு மூச்சு தேவை. மூச்சு நடக்கிறது என்பதற்காக முட்டை பிரிந்துவிடாது.

இந்த வேறுபாட்டை எல்லாவற்றிலும் தெளிவாகக் காட்டியது, என் கணிப்பில், 1936-இல் வெளியான ஆய்வு. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் ஜார்ஜ் கிளவ்ஸும் மாரிஸ் கிராலும் முட்டைகளுக்கு டைநைட்ரோபீனால் வகைச் சேர்மங்களைக் கொடுத்தார்கள். ஆக்சிஜன் பயன்பாடு ஏறியது, பிரிவோ நின்றது! மருந்தைக் கழுவி நீக்கியதும் முட்டைகள் மீண்டும் பிரியத் தொடங்கின. காரணம் 1948-இல் விளங்கியது. லூமிஸ், லிப்மன் என்ற ஆய்வாளர்கள், இந்தச் சேர்மம் ஆக்சிஜனேற்றத்தையும் செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியின் உருவாக்கத்தையும் தனித்தனியே கழற்றிவிடுகிறது என்று காட்டினார்கள். மோட்டார் முழு வேகத்தில் ஓடியும் வாய்க்கால் உடைந்து கிடந்தால் வயல் காயும். அதுபோல, செல் மூச்சு விடுகிறது, ஆனால் வேலைக்கான ஏடிபி கிடைப்பதில்லை. வீணாகும் ஆற்றல் வெப்பமாக வெளியேறும். 1930-களில் இதே டைநைட்ரோபீனால் உடல் மெலிய மருந்தாக விற்கப்பட்டு, உடல் கொதித்துச் சிலர் இறந்தார்கள். இணையத்தில் அதை இன்றும் விற்கிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள்.

கருவுற்றதும் புதிதாகச் சுவாச நொதி உருவாகிறதா என்ற கேள்வியும் இருந்தது. இல்லை என்பதை ஸ்வீடனின் ஜான் ருன்ஸ்ட்ரோம் காட்டினார். எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் ஒரு சேர்மத்தைக் கொடுத்ததுமே, கருவுறாத முட்டையும் கருவுற்றதைப் போல மூச்சு விட்டது. நொதி முன்பே இருந்தது. அதற்குப் போதிய வேலை வரவில்லை. பின்னாளில் இன்னொன்றும் தெரிந்தது. விந்தணு நுழைந்த முதல் சில நிமிடங்களில் திடீரெனக் கூடுதலாக எடுக்கப்படும் ஆக்சிஜனில் பெரும்பங்கு ஆற்றலுக்குப் போவதே இல்லை. அது ஹைட்ரஜன் பெராக்சைடாகி, முட்டையைச் சுற்றி எழும் உறையைக் கெட்டிப்படுத்துகிறது.

அப்படியானால் பிரியச் சொல்லும் கட்டளை எங்கிருந்து வருகிறது? 1982 கோடையில், அதே வுட்ஸ் ஹோலில், டிம் ஹன்ட் இதே முட்டைகளில் ஒரு புரதத்தைக் கண்டார். அது சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஒவ்வொரு பிரிவின்போதும் திடீரென அழிந்து, மறுபடி சேர்ந்தது. சைக்ளின் என்று பெயர் பெற்ற இந்தப் புரதங்கள் வேறு நொதிகளைத் தூண்டிப் பிரிவைத் தொடங்குகின்றன. 2001-இல் ஹன்டுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இனி புற்றுநோய்க்கு வருவோம். வளரும் முட்டை அதிகம் மூச்சு விட்டதால் வளரும் கட்டியும் அப்படியே செய்யும் என்று வார்பர்க் எதிர்பார்த்தார். 1923-இல் எலியின் கட்டியில் அளந்தபோது ஆக்சிஜன் பயன்பாடு உயரவில்லை. குளுக்கோஸ் மட்டும் ஏராளமாக லாக்டிக் அமிலமாக மாறியது. சுவாசம் பழுதாவதே புற்றுநோயின் மூலம் என்று அவர் பிற்காலத்தில் வாதிட்டார். அதைப் பிந்தைய ஆய்வுகள் ஏற்கவில்லை. பல புற்றுச் செல்களில், சுவாசம் நடக்கும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே இயங்குகிறது. ஆனாலும், "புற்றுநோய்க்குக் காரணம் ஆக்சிஜன் குறைவு, அதைக் கண்டதற்கே வார்பர்க் நோபல் பரிசு பெற்றார்" என்ற செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1931-இல் அவருக்குப் பரிசு கிடைத்தது சுவாச நொதியின் இயல்பையும் அது செயல்படும் விதத்தையும் கண்டதற்கு. காரத்தன்மை கூட்டும் உணவையோ ஆக்சிஜன் ஏற்றிய நீரையோ நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட அதில் எந்த ஆதாரமும் இல்லை. குளுக்கோஸை விழுங்கும் கட்டியின் இயல்பை அவர் அளந்தது மட்டும் இன்று மருத்துவமனையில் பயன்படுகிறது: பெட் ஸ்கேனுக்கு முன் கதிரியக்க ஃப்ளோரின் சேர்த்த குளுக்கோஸை ஊசியில் செலுத்துகிறார்கள், அதை மிகுதியாக உறிஞ்சும் கட்டிகள் படத்தில் ஒளிர்ந்து தெரியும்.