திண்ணையின் தொனி

காரைக்கால் பகுதியிலுள்ள கோட்டுச்சேரியில் நான் சிறுவனாயிருந்த நாளில், மாலை வேளைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடும் பெரியவர்கள், சைகோனில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைவீரராக, இருந்து பிரெஞ்சு பென்ஷனோடு திரும்பியவரைப் பற்றியோ, பிரான்சிலேயே குடியேறிவிட்டவரின் பிள்ளைகளைப் பற்றியோ பேச்செடுத்தால், அவர்கள் குரல் தானாகவே தணிந்து மரியாதை கலந்த ஒரு கனிவை அடையும்; கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்து சேருமோ என்று வாய்க்காலைப் பார்த்து நிற்கும் உழவரின் பேச்சு வந்தாலோ, அது இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். உழவு இழிவென்று எனக்கு ஒருவரும் உபதேசித்ததில்லை; உபதேசித்திருந்தால், ஒருவேளை எதிர்த்துக் கேட்டிருப்பேன்.

இடையில் ஆங்கிலேயர் வசமிருந்த காலங்கள் நீங்கலாக, 1739 முதல் 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரரிடமிருந்து நம் முன்னோர் தெரிந்தே ஏற்றவையும் உண்டு. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி, தம் குலாசார விதிகளைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள், புதிய குடும்பப் பெயரைப் பதிவு செய்தே ஏற்றார்கள். பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16-ல் அமலுக்கு வந்தபோதும், பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியோர் 6 மாதங்களுக்குள் அதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியிருந்தது. யோசிக்க அவகாசம் இருந்த காரியங்கள் அவை. திண்ணையின் தொனி யாருடைய கையொப்பத்தையும் கேட்கவில்லை.

கபிரியேல் தார்து என்னும் பிரெஞ்சு அறிஞர், பிறரைப் பின்பற்றும் இயல்பைப் பற்றி 1890-ல் வெளியிட்ட நூலில், அது உள்ளிருந்து வெளியே பரவுவது என்று வாதித்தார்: பிறருடைய நம்பிக்கையும் ஆசையும் முதலில் மனத்தில் குடியேறும், உடையும் நடையும் பிறகே மாறும். எங்கள் ஊரில் நான் கண்டதும் இதுவே. பிரெஞ்சில் ஒரு வார்த்தை அறியாத வீட்டிலும், கௌரவம் என்பது கடலுக்கு அப்பால் இருக்கும் வஸ்து என்ற எண்ணம் வேரூன்றியது. அதைக் கொண்டுவந்தவன் அந்நியனல்லன், நாம் நேசித்த பக்கத்து வீட்டு மாமாதான். வெளிநாடு சென்றவர்களைக் குறை கூற எனக்கு மனம் வராது. அவர்கள் அனுப்பிய பணத்தில் படித்தவர்கள் அநேகர். நிலத்தில் நின்றவருக்கும் அதே கனிந்த குரல் கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம். பள்ளியில் உழவின் மேன்மையைப் பற்றிக் கட்டுரை எழுதவைப்பதால் மட்டும் அது வந்துவிடாது.

சென்ற மாதம், நாற்றங்காலிலிருந்து சேற்றுக் காலோடு வந்த என் பெரியப்பா மகனை, அண்ணன் முறையானவரை, “வாங்க” என்ற ஒற்றைச் சொல்லோடு வாசலில் நிறுத்திவிட்டு, பாரிசிலிருந்து தொலைபேசியில் அழைத்த உறவினரிடம் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் பேரன், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.